இளஞ்சிவப்பு முளை

நாள் 211, காலை 8.10

வெள்ளிக்குன்று நிலையம், செவ்வாய். பதிவு செய்பவர் லிடியா மச்சாடோ, தானியப் பிரிவு. தானியப் பிரிவு என்றால் பெரிய அலுவலகம் என்று நினைக்க வேண்டாம். நான், ஒரு அரவை இயந்திரம், ஒரு ஓவன், அவ்வளவுதான்.

நிலையத்தில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். தலைவர் அருமைநாயகமும் பொறியாளர் மெஹருன்னிசாவும் தெற்கே பனி தோண்டும் முகாமில் இருக்கிறார்கள். ஆள் ஏறிப் போகும் ரோவர் வண்டி அவர்களிடம் இருக்கிறது. எங்களுக்கு நடுவே ஓடுவது ஆளில்லாத சாமான் வண்டி ஒன்றுதான். நிலத்தில் புதைத்த கம்பியை மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

கோதுமை ஊறி, வடிந்து, முளை எட்டிப் பார்க்கிறது. முளை தானியத்தின் நீளத்தைத் தாண்டுவதற்குள் உலர்த்தும் பெட்டிக்குள் தள்ள வேண்டும். தாண்டினால் மாவில் பிசுபிசுப்பு ஏறி ரொட்டி நடுவில் களியாகிவிடும்.

ஏன் இந்தப் பாடு என்று பின்னால் வருகிறவர்கள் கேட்கக்கூடும். முழுக் கோதுமையை அப்படியே அரைத்துச் சுட்டால் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாமல் போய்விடும். முளைகட்டிப் புளிக்க வைத்தால் ஒட்டும். டப்பா உணவைத் தின்று தின்று நாங்கள் மூவரும் சோகை பிடித்து வெளுத்துப்போயிருந்தோம். என் ரொட்டி வந்த பிறகுதான் மெஹரின் நகத்தில் ரத்தம் தெரிந்தது. தலைவரை நாங்கள் அண்ணாச்சி என்போம்; முதலில் என்னைக் கேலி செய்தவர் அவர். "பேக்கரி வைக்கவாம்மா செவ்வாய்க்கு வந்தோம்?" என்றார். இப்போது அவரே ரொட்டி எப்போது வரும் என்று கேட்கிறார். எனக்கு அதில் பெருமை உண்டு. மறைப்பானேன்.

தாய்மாவு நலம். தாய்மாவு என்பது ஒவ்வொரு முறையும் மீதி வைத்து, தீனி போட்டு, அடுத்த ரொட்டியைப் பொங்க வைக்கும் புளித்த மாவு. தூத்துக்குடியிலிருந்து ஒரு சின்ன ஜாடியில் என்னோடு வந்தது. பெயர் மகராசி. பசித்தால் ஆர்ப்பாட்டம் பண்ணுவாள், தின்றால் தூங்குவாள். முளைகட்டிய மாவு போட்டால் மட்டும் கட்டுக்கடங்காமல் பொங்கி மூடியைத் தள்ளிவிடுவாள்.


நாள் 214, காலை 9.30

தூசிக்காலம் தொடங்கிவிட்டது. சோலார் பலகைகளில் பாதி வெளிச்சம்கூட இல்லை. மின்சாரத்தைப் பங்கிட வேண்டும். குளிரில் முளை மெதுவாக ஏறி, இன்றுதான் உலர்த்தும் அளவுக்கு வந்திருக்கிறது.

காற்று இயந்திரத்தில் கை வைக்க முடியாது. மீதமிருப்பதை வைத்து இரண்டில் ஒன்றுக்குத்தான் சூடு தரலாம். ஒன்று, உலர்த்தும் பெட்டி. இன்னொன்று, மகராசி இருக்கும் அலமாரி. தானியத்தை உலர்த்தினால் தாய்மாவு குளிரில் சாகும். தாய்மாவைக் காப்பாற்றினால் முளை ஈரத்திலேயே கிடக்கும்.

மகராசிக்குக் கொடுத்தேன். அவள் போனால் இங்கே இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். தானியம் ஒருநாள் பொறுக்கும் என்று கணக்குப் போட்டேன்.


நாள் 216, இரவு 9.45

ஒருநாள் என்றது இரண்டு நாளாகிவிட்டது.

இன்று பெட்டிக்குச் சூடு கிடைத்ததும் தட்டுகளை வெளியே எடுத்தேன். நான்கு தட்டில் ஒன்று சரியில்லை. முளைகளின் நுனியில் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு. ரோஜாப்பூ நிறம், பார்க்க அழகாகக்கூட இருந்தது. மோந்து பார்த்தேன். லேசான மக்கல் வாடை.

பூஞ்சை என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுத மாட்டேன். படித்த படிப்பு அதுதான்.

ஒரு தட்டு முழுக்கக் கோதுமை. விதைத்து, விளக்கு வெளிச்சத்தில் வளர்த்து, கதிர் கதிராகக் கையால் உதிர்த்தது. குப்பையில் கொட்டக் கை வரவில்லை. உணவை எறிந்தால் பாவம் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றுவோம். உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். நிறம் போய்விட்டது. நன்றாகச் சூடேற்றி உலர்த்தினேன். நல்ல மாவோடு கலந்து அரைத்தேன். நாலில் ஒரு பங்கு. மகராசியின் புளிப்பில் வாடை காணாமல் போயிற்று. மீதியை அடுப்பு பார்த்துக்கொள்ளும், நெருப்புக்கு முன்னால் எந்தப் பூஞ்சை நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறு ரொட்டி. மேலோடு நன்றாக வெடித்தது, நிறம் கருப்பட்டி மாதிரி. ஆறியதும் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டேன். நான் சாப்பிடவில்லை. நான் இந்த வாரம் முழுக்கக் கஞ்சிதான், ரொட்டி அவர்களுக்கு என்று மிச்சம் பிடிக்கிறேன்.


நாள் 219, காலை 8.05

ரேடியோவில் காலைத் தொடர்பு. முகாமிலிருந்து மெஹர்:

"அக்கா, வண்டி நேத்தே வந்துட்டு. ரொட்டி என்னா வாசம்! அண்ணாச்சி ஒரே இருப்புல அரை ரொட்டி சாப்ட்டாவ. புதுக் கிணத்துல பனி வந்துட்டு அக்கா, உருக்குன தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. அடுத்த தடவ நீங்களும் வாங்க, அந்தத் தண்ணில டீ போடுவோம்."

எனக்கு மனம் குளிர்ந்தது. வேறு விவரம் இல்லை.


நாள் 221, காலை 8.20

முகாமில் இருவருக்கும் உடம்பு சரியில்லை. நேற்று மதியத்திலிருந்து வாந்தி. அண்ணாச்சிக்குத் தலைசுற்றல். அவரே பேசினார். உரையாடலை அப்படியே பதிகிறேன்.

"லிடியா, கேக்குதாம்மா? வயித்துல ஒண்ணும் நிக்க மாட்டக்கு. நாங்க ரெண்டு பேரும் வேற வேற டப்பாதான் தின்னோம். பொதுவா உள்ளது ரெண்டுதான். ஒண்ணு உன் ரொட்டி, இன்னொண்ணு புதுக் கிணத்துத் தண்ணி. நேராவே கேக்கேன், தப்பா நினைச்சுக்கிடாத. மாவுல ஏதும் வித்தியாசம் உண்டா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எப்பவும் போடுற மாவுதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா அண்ணாச்சி."

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப தண்ணிதான் கோளாறு. கிணத்த மூடிருதோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். குரல்கூட நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.


நாள் 221, மாலை 5.00

ஏன் அப்படிச் சொன்னேன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். தானியப் பிரிவை மூடிவிடுவார்கள் என்று பயந்தேனா? பயந்தேன். அண்ணாச்சி மறுபடி பேக்கரி என்று சிரிப்பார் என்று வெட்கமா? ஆமாம், அதுவும்தான். பூஞ்சை தீயில் செத்துப்போகும். ஆனால் அது கக்கி வைத்த விஷம் ஓவன் சூட்டுக்கெல்லாம் அசையாது. முதலாண்டுப் பாடம். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

விஷம் கொஞ்சம்தான் இருக்கும். சாப்பிடுவதை நிறுத்தி, தண்ணீர் குடித்து, படுத்து எழுந்தால் சரியாகிவிடும். ஆனால் நான் அவர்களைத் தண்ணீரைத்தான் நிறுத்த வைத்திருக்கிறேன்.

முகாமில் ரேடியோவைக் காலையில் மட்டும்தான் திறப்பார்கள்; நாளைக் காலைத் தொடர்பில் சொல்லிவிடுவேன். முதல் வாக்கியமே அதுதான்.


நாள் 222, காலை 8.30

புயல். தூசியில் மின்னேற்றம். விடியற்காலையில் கட்டடம் முழுக்க ஒரு படபடப்பு, பிறகு கருகிய வாடை. ரேடியோவில், பேச்சை அனுப்பும் பெட்டியின் மின்பலகை எரிந்துவிட்டது. வாங்கும் பெட்டி தனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கேட்கும். நான் பேசுவது யாருக்கும் கேட்காது, முகாமுக்கும் சரி, பூமிக்கும் சரி.

மாற்றுப் பலகை ஒன்று உண்டு. அதை முகாமின் ரேடியோவுக்கு ஏற்கெனவே போட்டாயிற்று.

8.05க்கு அண்ணாச்சி வந்தார்:

"லிடியா, பதில் வரமாட்டக்கு. புயல்ல உன் பெட்டி போயிருக்கும்னு நினைக்கேன். பயப்படாத. உனக்குக் கேக்கும்னு நம்பி தினமும் பேசுவோம். கிணத்துத் தண்ணிய நிறுத்தியாச்சு. பழைய தொட்டில கொஞ்சம் கிடக்கு, ஆளுக்கு ரெண்டு மடக்குதான். தூசி அடங்குனதும் ரோவர எடுத்துட்டு வந்திருவோம். வண்டிய இப்பவே திருப்பி விடுதோம், கிணத்துத் தண்ணி கொஞ்சம் வச்சிருக்கு. சோதிச்சுப் பாரு."

மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். செத்த பெட்டி என்று தெரிந்தும் கத்தினேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் பேசியிருக்க வேண்டும்.


நாள் 223, பகல் 1.15

ஓவனின் கட்டுப்பாட்டுப் பலகையைப் பிரித்து அனுப்பும் பெட்டியில் பொருத்திப் பார்த்தேன். காலையிலிருந்து இதே வேலை. இரண்டு முறை பொறி பறந்தது. வலது கை விரல்கள் இரண்டு வெந்துவிட்டன. பெட்டி உயிர் பெறவில்லை. ஓவனும் போயிற்று.

நடந்து போனால் என்ன என்று கணக்குப் பார்த்தேன். விண்வெளி உடையில் இருக்கும் காற்று ஒரு பகலுக்குத்தான். வண்டிக்கே இரண்டு நாள் ஆகும் தூரம்.

இன்றைய செய்தியில் மெஹரின் குரல் தேய்ந்திருந்தது:

"அக்கா, அண்ணாச்சிக்கு நாக்கு வறண்டு கெடக்கு. டப்பாவப் பார்த்தாலே குமட்டுது. உங்க ரொட்டி மட்டும்தான் புளிப்பா வாய்க்குப் புடிக்குது. அதுதான் எங்களுக்கு மருந்து மாதிரி. கொஞ்சங் கொஞ்சமாப் பிச்சுத் தின்னுதோம்."

மருந்து மாதிரி என்றாள். அவர்கள் நல்ல தண்ணீரை ஒதுக்கிவிட்டு விஷத்தைத் தின்கிறார்கள், நான் கொடுத்த வாக்கை நம்பி.


நாள் 224, காலை 10.40

வண்டி வந்துவிட்டது.

உள்ளே கிணற்றுத் தண்ணீர் மூன்று குப்பி. சோதித்தேன். மாசு மருவில்லாத தண்ணீர். மனிதர் குடித்ததிலேயே சுத்தமான தண்ணீராகக்கூட இருக்கலாம்.

குப்பிகளுக்கு அடியில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். மேலே மெஹரின் எழுத்தில் "அக்கா பங்கு". உள்ளே கால் ரொட்டி. என் ரொட்டிதான். நான் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கிறேன் என்று எனக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்திருக்கிறார்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அதைத் தின்றேன், முழுவதையும். ஒருவேளை நான் நினைப்பது தவறாக இருக்கலாம், ரொட்டியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. சோதனை என்று எழுதலாம். தண்டனை என்றும் எழுதலாம்.


நாள் 225, காலை 11.30

நான்கு முறை வாந்தி. தலை கிறுகிறுக்கிறது. ரொட்டிதான். இனி சந்தேகமில்லை.

தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன், அதனால் என்னால் நிற்க முடிகிறது. அவர்களும் தண்ணீர் குடித்தால் பிழைப்பார்கள். இவ்வளவு எளிது.

மங்கிய வெளிச்சத்தில் ஒரு நாள் முழுக்கப் பிடித்து, வண்டிக்கு மின்சாரம் ஏற்றியாயிற்று. உள்ளே வைத்தவை: உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி, அரிசி நொய், இங்கே தொட்டியில் இருந்த தண்ணீர் இரண்டு கேன், வாந்தி மாத்திரை. ரொட்டி இல்லை. மாவு முழுவதையும் கொட்டிவிட்டேன், நல்லதையும் சேர்த்து.

செய்தியைச் சொல்வது எப்படி என்று நெடுநேரம் நின்றேன். முதலில் சிவப்பு பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதலாம்: தண்ணீர் நல்லது, ரொட்டி விஷம். பிறகு யோசித்தேன். அந்தப் பெயிண்ட் இந்த ஊரில் அழியாது. வாசலில் கேமரா இருக்கிறது, வண்டி வருகிற போகிற படமெல்லாம் சேமிப்பில் கிடந்து, தொடர்பு சரியானதும் பூமிக்குப் போகும். அடுத்த குழு வரும், அதற்கடுத்த குழு வரும், எல்லோரும் என் தவறைப் பலகை மாதிரி படிப்பார்கள். அண்ணாச்சியிடமும் மெஹரிடமும் சொல்வதற்கு ஊருக்கே தண்டோரா எதற்கு?

ஒரு தாளில் எழுதினேன். மன்னிப்பும் கேட்டு எழுதினேன். மடித்துத் துணிக்குள் வைத்து, கேன்களின் மேல், மூடியைத் திறந்ததும் கையில் படும்படி வைத்தேன். 11.20க்கு வண்டி கிளம்பியது.


நாள் 226, காலை 8.30

மெஹர் மட்டும் பேசினாள். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்று நின்று பேசினாள்:

"அண்ணாச்சி எந்திரிக்க மாட்டக்காவ அக்கா. பேரு சொன்னா முழிக்காவ. தொட்டித் தண்ணி தீந்துட்டு. கிணத்துத் தண்ணி கைக்கெட்டுற தூரத்துலதான் கெடக்கு, ஒரு வாய் ஊத்துவோமான்னு எடுத்தேன். அவுக கையப் புடிச்சுட்டாவ. லிடியா மாவு சரின்னு சொல்லிட்டா, அப்ப இதுதான் விஷம், தொடாதங்காவ."

லிடியா சொல்லிட்டா.

அலமாரியின் சூட்டை அணைத்துவிட்டேன். மகராசி இனி குளிரட்டும். அவளுக்காகத்தான் தொடங்கியது எல்லாம். அவள் மேல் பழி போடுகிறேன், பாருங்கள். வாயில்லாத மாவு.

வண்டி நாளை சேர்ந்துவிடும். ஒரு நாள் தாங்க வேண்டும், அவ்வளவுதான். ஜெபமாலை எடுத்து வைத்திருக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை.


நாள் 227, காலை 11.50

வழக்கமான நேரம் தாண்டியும் சத்தம் இல்லாமல் இருந்து, இப்போதுதான் வந்தாள். தட்டுத் தடுமாறி எழுதுகிறேன், அவள் சொன்ன வரிசையிலேயே:

"அக்கா... வண்டி வந்துட்டு. சன்னலுக்கு நேரா நிக்கி. பாத்துக்கிட்டேதான் படுத்திருக்கேன்... வெளிய போவ சூட் மாட்டணும். காலு நிக்க மாட்டக்கு. ரெண்டு தடவ மாட்டிப் பாத்தேன், விழுந்துட்டேன்... உள்ள ரொட்டிதான இருக்கும். அவசரம் ஒண்ணுமில்ல. இங்க இன்னும் ஒரு ரொட்டி மிச்சம் கெடக்கு. அதத் தின்னு கொஞ்சம் தெம்பு வந்ததும்... போய் எடுத்துக்கிடுதேன்."

சன்னலுக்கு நேராக நிற்கிறது.

அவள் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பக்கவாட்டுத் தகடு அவள் பக்கம்தான் இருக்கும், வண்டி எப்போதும் அப்படித்தான் நிற்கும், நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன். அந்தத் தகடு சுத்தமாக வெள்ளையாக இருக்கிறது. பெயிண்டில் எழுதியிருந்தால் படுத்தபடியே படித்திருப்பாள். எழுந்திருக்கவே வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. படித்த நிமிடத்தில் குடித்திருப்பார்கள்.

பெயிண்ட் டப்பா என் கையில் இருந்தது. வெட்கம். வெட்கத்துக்காக உள்ளே வைத்தேன். ரொட்டிக்கு ஒரு தடவை, வாய்க்கு ஒரு தடவை, இப்போது இது. மூன்று தடவையும் நான்தான். பூஞ்சை யாரையும் கொல்லவில்லை.

மெஹர் சாப்பிடாதே. மெஹர் தண்ணீரைக் குடி. மெஹர் சாப்பிடாதே.

இதை மைக்கில் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். பெட்டி செத்துக் கிடக்கிறது.


நாள் 228, காலை

நேரம் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கத்திலேயே இருக்கிறேன்.

வந்தாள். குரல் மிகச் சின்னதாக, ஆனால் தெளிவாக:

"அக்கா... அண்ணாச்சிக்கு ஊட்டி விட்டுட்டேன். மெல்ல முடியல... பால்பொடி மாதிரி உதுத்து, எச்சில்ல நனைச்சு உள்ள தள்ளுனேன். முழுங்கிட்டாவ. நானும் தின்னுட்டேன். எவ்வளவு ருசி... நீங்க மட்டும் இல்லன்னா நாங்க பட்டினியிலயே போயிருப்போம்க்கா. உங்க கைக்கு..."

நன்றி சொல்ல வந்தாள். அதோடு நின்றுவிட்டது. பேசும் விசையிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை போலிருக்கிறது. தொடர்பு திறந்தே இருக்கிறது. முகாமின் காற்று இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கிறது. முதலில் இரண்டு பேரின் மூச்சும் கேட்டது.

இப்போது இயந்திரச் சத்தம் மட்டும்